இரட்டைக் கிடார் – 5: மேலே போன கிடார்

போன வாரம் ஒரு கிடாரை அந்தரத்தில் விட்டுவிட்டு வந்தோம். அது கீழே விழட்டும். நாம் தொடர்வோம்.

1973 டிசம்பர் 31. பெல்ஃபாஸ்ட் நகரின் குயின்ஸ் பல்கலைக்கழகம். ‘தின் லிஸி’ இசைக்குழுவின் புத்தாண்டு இரவுக் கச்சேரி. குழுவின் ஒரே கிடார் கலைஞர் எரிக் பெல், வாசித்துக்கொண்டிருந்த கிடாரைக் கழற்றி, முடிந்த உயரத்துக்கு மேலே எறிந்தார். ஆம்ப்ளிஃபயர்களைத் தள்ளிவிட்டார். மேடையை விட்டுப் போனார். பெல்ஃபாஸ்ட் அவருடைய சொந்த ஊர். கீழே நின்றது அவருடைய ஊர்க் கூட்டம்.

மேடையில் மிச்சம் இருவர். பேஸ் கிடாரோடு பாடிக்கொண்டிருந்த ஃபில் லைனட். டிரம்ஸுக்குப் பின்னால் பிரையன் டௌனி. டப்ளினின் க்ரம்ளின் பகுதியில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள், பள்ளி நாளிலிருந்தே சேர்ந்து வாசித்தவர்கள். மூன்று பேர் மட்டுமே உள்ள குழுவில் கிடார்க்காரர் எழுந்து போனால் என்ன மிஞ்சும்? தாளமும் அடித்தளமும் மிஞ்சும். பாட்டு மிஞ்சாது.

எரிக் பெல்லைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ‘விஸ்கி இன் த ஜார்’ என்ற பழைய அயர்லாந்து நாட்டுப்பாடலுக்கு அவர் அமைத்த கிடார் முகப்புதான் அந்தக் குழுவை உலகத்துக்கு அறிமுகப்படுத்தியது. அந்தப் பாட்டு முதலில் இசைத்தட்டின் பின்பக்கத்துக்கு என்று ஒதுக்கப்பட்டிருந்தது. குழு முன்னால் வைக்க நினைத்தது ‘ப்ளாக் பாய்ஸ் ஆன் த கார்னர்’ என்ற தங்கள் சொந்தப் பாடலை. டெக்கா நிறுவனம் மாற்றிப் போட்டது. 1973 தொடக்கத்தில் பின்பக்கப் பாட்டு பிரிட்டிஷ் பட்டியலில் 6-ஆம் இடம் வரை போனது. அதன் பிறகு போகும் ஊரெல்லாம் அந்த ஒரு நாட்டுப்பாடலைத்தான் கேட்டார்கள். அடுத்தடுத்த சிங்கிள்கள் எடுபடவில்லை. ஊர் ஊராக அலைச்சல், குடி, போதை, தூக்கமில்லாத இரவுகள். பெல்லின் உடம்பும் மனசும் ஒரே இரவில் கைவிட்டுவிட்டன. அவ்வளவுதான் நடந்தது.

ஆனால் ஃபில்லின் மனத்தில் அந்த இரவு ஒரு தீர்மானத்தை விதைத்தது. இந்தத் தொடருக்கு நான் ஏன் ‘இரட்டைக் கிடார்’ என்று பெயர் வைத்தேன் என்று சில வாசகர்கள் கேட்டிருந்தார்கள். அதற்கான பதில் இந்த அத்தியாயத்தில்தான் இருக்கிறது.

*

முதலில் ஆபத்துக்கு உதவ வந்தவர் கேரி மூர். இவரும் பெல்ஃபாஸ்ட்காரர். வயது 21. ஃபில்லைப் பாடகர் இடத்திலிருந்து நீக்கிய ‘ஸ்கிட் ரோ’ குழுவில் கிடார் வாசித்தவர் என்பதை இரண்டாம் அத்தியாயத்தில் பார்த்தோம். நீக்கியதற்கு ஈடாக அந்தக் குழுவின் தலைவர் பிரஷ் ஷீல்ஸ் ஃபில்லுக்கு பேஸ் கிடார் கற்றுக்கொடுத்ததும் நினைவிருக்கும். கேரி மூர் பாதியில் நின்ற சுற்றுப்பயணத்தை முடித்துக்கொடுத்தார். சில பாடல்களை ஒலிப்பதிவும் செய்தார். நான்கு மாதம்கூடத் தங்கவில்லை. ஏப்ரலில் கிளம்பிவிட்டார். கேரி மூரின் வாழ்க்கையே இப்படித்தான். தின் லிஸியின் கதவு அவருக்கு எப்போதும் திறந்தே இருந்தது, அவரும் வந்து வந்து போனார்.

அவர் விட்டுப்போனவற்றில் ஒன்று, ‘ஸ்டில் இன் லவ் வித் யூ’ என்ற மெதுவான பாடலுக்கு அவர் வாசித்த சோலோ. அதை மறந்துவிடாதீர்கள். அத்தியாயத்தின் முடிவில் அது தேவைப்படும்.

அடுத்து ஜெர்மனிச் சுற்றுப்பயணம் காத்திருந்தது. இப்போதுதான் ஃபில் தன் தீர்மானத்தைச் செயல்படுத்தினார். இனி ஒரு கிடார் கலைஞரை மட்டும் நம்பி மேடை ஏறுவதில்லை. இரண்டு பேர் வேண்டும். நடுக் கச்சேரியில் ஒருவர் போனாலும் இன்னொருவர் இருப்பார், பாட்டு நிற்காது. முதலில் அது இசையை யோசித்து எடுத்த முடிவே இல்லை, சுட்ட கையின் எச்சரிக்கை. பின்னாளில் ராக் இசையின் போக்கை மாற்றிய ஓர் ஓசை, புத்தாண்டு இரவின் பயத்திலிருந்து பிறந்தது.

ஜெர்மனிக்கு அவசரமாகச் சேர்த்த இருவர் ஆண்டி கீயும் ஜான் கேனும். அந்தக் கூட்டணி ஒட்டவில்லை. பயணம் முடிந்ததும் டௌனியே வெறுத்துப்போய்க் குழுவை விட்டு விலகினார். அவரைச் சமாதானப்படுத்தித் திரும்ப அழைத்துவர வேண்டியிருந்தது. டெக்காவுடனான ஒப்பந்தமும் முடியும் தறுவாயில் இருந்தது. 1974-இன் நடுவில் தின் லிஸி என்பது இரண்டு நண்பர்களும் ஒரு பெயரும் மட்டும்தான்.

லண்டனில் ஆள் தேர்வு தொடங்கியது.

கிளாஸ்கோ பக்கத்திலிருந்து ஒரு பையன் வந்தான். பிரையன் ராபர்ட்சன். வயது 18. சிறு வயதில் செல்லோவும் பியானோவும் முறையாகக் கற்றவன். முன்கோபக்காரன். தின் லிஸியின் பாடல்கள் அவனுக்கு ஏற்கெனவே அத்துப்படி. வாசித்துக் காட்டிய உடனே இடம் கிடைத்தது.

இன்னொருவர் கலிஃபோர்னியாவின் க்ளெண்டேலிலிருந்து கடல் தாண்டி வந்த ஸ்காட் கோரம். வயது 23, முதுகில் புரளும் தலைமுடி. ‘சூப்பர்டிராம்ப்’ குழுவின் டிரம்ஸ் கலைஞர் அவருடைய மைத்துனர். அந்தக் குழுவில் இடம் கிடைக்கும் என்று நம்பி லண்டன் வந்தவர், அது நடக்காமல் மதுக்கடைகளில் ஒரு சின்னக் குழுவோடு வாசித்துக்கொண்டிருந்தார். லெஸ் பால் கிடாரின் மலிவான ஜப்பானிய நகல் ஒன்றை எடுத்துக்கொண்டு தேர்வுக்கு வந்தார். தின் லிஸி யார், என்ன வாசிப்பார்கள் என்பதெல்லாம் அவருக்குச் சரியாகத் தெரியாது. கயானாவைச் சேர்ந்த கறுப்பின அப்பாவுக்கும் அயர்லாந்து அம்மாவுக்கும் பிறந்து, சுத்தமான டப்ளின் பேச்சுப் பேசும் ஒரு நெட்டையான மனிதர் எதிரே நின்றதும் அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

ஓர் அயர்லாந்துக்காரர் பாட, இன்னோர் அயர்லாந்துக்காரர் டிரம்ஸ் அடிக்க, ஒரு ஸ்காட்லாந்துக்காரரும் ஓர் அமெரிக்கரும் இரண்டு பக்கமும் நிற்க, 1974 கோடையில் குழு மறுபடி எழுந்தது. வெர்டிகோ நிறுவனத்தோடு புதிய ஒப்பந்தம் ஆயிற்று. அந்த ஆண்டு நவம்பரில் ‘நைட்லைஃப்’ ஆல்பம் வந்தது.

சங்கடமான ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். ‘நைட்லைஃப்’ ஒரு சாதுவான ஆல்பம். தயாரிப்பாளர் ரான் நெவிசன் குழுவின் முரட்டுத்தனத்தையெல்லாம் இழைத்து வழவழப்பாக்கிவிட்டார். கோரமும் ராபர்ட்சனும் அந்த ஒலியை விரும்பவில்லை. இதைக் கேட்டுவிட்டு இந்தக் குழு எப்படி ஹார்டு ராக் குழு ஆனது என்று கேட்பவர்களிடம் நான் சண்டை போட மாட்டேன்.

ஆனாலும் அதில் ‘ஸ்டில் இன் லவ் வித் யூ’ இருக்கிறது. கேரி மூர் விட்டுப்போன சோலோவுக்குப் பதிலாக ராபர்ட்சன் புதிதாக வாசிக்க வேண்டும் என்றார்கள். பதினெட்டு வயது முன்கோபக்காரன் மறுத்துவிட்டான். இதைவிட நன்றாக வாசிக்க முடியாது, இதுவே இருக்கட்டும் என்பது அவன் நிலை. முதல் ஆல்பத்தில் தன் பெயரை நிலைநாட்டத் துடிக்கும் வயதில் அடுத்தவன் வாசித்ததை அப்படியே விட்டுவைக்க ஒரு பெரிய மனசு வேண்டும். ராபர்ட்சனைப் பற்றிப் பின்னால் எத்தனையோ புகார்கள் வரப்போகின்றன. அவற்றைப் படிக்கும்போது இதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

அதே பாடலில் ஃபில்லோடு இன்னொரு குரலும் பாடுகிறது. கரகரத்த, உருகும் ஒரு ஸ்காட்லாந்துக் குரல். அவர் பெயர் ஃபிராங்கி மில்லர். கிளாஸ்கோக்காரர், ராபர்ட்சனின் நண்பர். இந்தப் பெயரையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

*

1975-இல் வந்த ‘ஃபைட்டிங்’ ஆல்பத்தைத் தயாரித்தவர் ஃபில்லேதான். பிரிட்டிஷ் ஆல்பம் பட்டியலில் தின் லிஸி நுழைந்தது அதில்தான் முதல்முறை. கிடைத்த இடம் 60. எண் சின்னதுதான். ஆனால் ‘வைல்ட் ஒன்’ பாடலைக் கேட்டால் ஏதோ ஒன்று பூட்டுக்குள் சாவிபோலத் திரும்பிவிட்டது புரியும். இரண்டு கிடார்களும் ஒன்றையொன்று கண்டுபிடித்துவிட்டன.

அந்த இரட்டைக் கிடார் என்னதான் செய்கிறது? நம் காதுக்குப் பழகிய வழியில் சொல்லிப் பார்க்கிறேன். இரண்டு நாகஸ்வரம் சேர்ந்து வாசிக்கும்போது இருவரும் ஒரே சுரத்தைத்தான் பிடிக்கிறார்கள். ஓசை தடிக்கிறது, மெட்டு ஒன்றே. தின் லிஸியில் அப்படியில்லை. ஒரு கிடார் ‘ச’வில் நிற்கும்போது இன்னொன்று ‘க’வில் நிற்கும். இது ‘ரி’க்கு நகர்ந்தால் அது ‘ம’வுக்கு நகரும். மெட்டு ஒரே வடிவத்தில், இரண்டு உயரங்களில், கைகோத்துக்கொண்டு நடக்கும். தனியாகக் கேட்டால் இரண்டுமே எளிய வரிகள். சேர்ந்தால், அங்கே யாருமே வாசிக்காத மூன்றாவது ஒன்று கேட்கும். ஒரு சந்தோஷமும் அதன் அடியில் ஓடும் ஏக்கமும் ஒரே நொடியில்.

இதை அவர்கள் கண்டுபிடிக்கவில்லை. அமெரிக்காவில் ஆல்மன் பிரதர்ஸும் இங்கிலாந்தில் விஷ்போன் ஆஷும் முன்பே செய்தார்கள். விஷ்போன் ஆஷின் 1972 ஆல்பமான ‘ஆர்கஸ்’ இன்றைக்கும் கேட்கத்தக்கது. ஆனால் அவர்களிடம் அது நீண்ட வாசிப்பின் ஓர் அங்கம். தின் லிஸி அதை நான்கு நிமிடப் பாட்டுக்குள் கொண்டுவந்து பல்லவிபோல ஆக்கியது. ஃபில் பாடி முடிக்கும் இடத்தில் கிடார்கள் இரண்டும் பாட்டை எடுத்துக்கொண்டு போகும். அந்தக் கிடார் வரியை நீங்கள் முணுமுணுக்கலாம். குளிக்கும்போது பாடலாம். பின்னால் வந்த அயர்ன் மெய்டனும் மெட்டாலிகாவும் இந்தப் பாடத்தை நன்றாகவே படித்தார்கள். அயர்ன் மெய்டன் 1988-இல் ‘மாஸக்கர்’ என்ற தின் லிஸிப் பாடலையே எடுத்து வாசித்தது. 1998-இல் மெட்டாலிகா ‘விஸ்கி இன் த ஜா’ரைத் தின் லிஸியின் பாணியில் வாசித்து அதற்கு கிராமி விருதும் வாங்கியது. மூலக் குழுவுக்கு கிராமியும் கிடையாது, அமெரிக்காவின் ராக் அண்ட் ரோல் மண்டபத்தில் இடமும் கிடையாது. 2020-ஆம் ஆண்டுச் சேர்க்கைக்குப் பெயரை முன்மொழிந்தார்கள், சேர்க்கவில்லை. இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. மறைக்க விரும்பவில்லை.

*

இரண்டு ஆல்பங்களும் போதுமான அளவு விற்காத நிலையில் மூன்றாவதற்கான வேலை 1975 டிசம்பரில் தொடங்கியது. லண்டன் பேட்டர்ஸியில் இருந்த ராம்போர்ட் ஒலிப்பதிவுக் கூடம். அது ‘த ஹூ’ குழுவினருக்குச் சொந்தமானது. தயாரிப்பாளர் ஜான் ஆல்காக். இந்த ஆல்பமும் தோற்றால் அடுத்தது கிடையாது என்பது நால்வருக்கும் தெரியும்.

1976 மார்ச் 26-இல் ‘ஜெயில்பிரேக்’ வெளிவந்தது.

அதன் உறையை வரைந்தவர் டப்ளின் ஓவியர் ஜிம் ஃபிட்ஸ்பேட்ரிக். சே குவேராவின் முகத்தைச் சிவப்பும் கறுப்புமாக வரைந்து உலகம் முழுக்கச் சுவரொட்டியாகவும் சட்டையாகவும் பரவச் செய்த அதே கைதான். முதல் பதிப்பின் உறையில் ஒரு தொலைக்காட்சித் திரையின் வடிவத்தை வெட்டியெடுத்திருந்தார்கள். அந்த ஓட்டை வழியே உள்ளே இருக்கும் படம் தெரியும். காமிக்ஸ் புத்தகங்களைக் கட்டுக்கட்டாகப் படித்த ஃபில்லுக்கும் ஃபிட்ஸ்பேட்ரிக்குக்கும் அது ஒரு சிறுவர் விளையாட்டின் சந்தோஷம்.

உள்ளே ‘எமரால்டு’ இருக்கிறது. அயர்லாந்தின் பழைய படையெடுப்புக் கதை, மும்மூன்றாக உருளும் தாளம், முடிவில் ராபர்ட்சனும் கோரமும் மாறி மாறி வீசிக்கொள்ளும் சோலோக்கள். ஹெட்ஃபோனில் கேளுங்கள். ஒரு கிடார் கேள்வி கேட்க, மறுகாதில் இன்னொன்று பதில் சொல்லும். ராபர்ட்சனின் வாசிப்பு கடித்துக் குதறும். கோரமுடையது நீளமாக வழுக்கிப் போகும். கொஞ்ச நேரத்தில் யார் எது என்று காது பிரித்தறியப் பழகிவிடும். அந்தப் பழக்கம் வந்துவிட்டால் இந்தக் குழுவை விட்டு வெளியே வர முடியாது. எனக்கு அப்படித்தான் ஆயிற்று.

‘கௌபாய் சாங்’ இருக்கிறது. டப்ளின் பாட்டியின் வீட்டில் வளர்ந்து, சினிமாவில் குதிரை வீரர்களைப் பார்த்த ஒரு பையன் கண்ட கனவு அது. ஃபில் ஒரு கதைசொல்லி. 1974-இலேயே பாடல் வரிகளைத் தொகுத்துக் கவிதைப் புத்தகமாகப் போட்டவர். அவருடைய பாடல்களில் வரும் ஜானிகளும் ரோமியோக்களும் தெருமுனையில் நிற்கும் பையன்கள். ஜெயிப்பவர்கள் குறைவு. அவர் யாரையும் தீர்ப்புச் சொல்லித் தள்ளுவதில்லை.

இன்னொரு பாட்டும் இருந்தது. வேறொரு பெயரில், போரிலிருந்து திரும்பும் சிப்பாயைப் பற்றி ஆரம்பித்து, மாறி மாறி எழுதப்பட்டு, கடைசியில் ஊருக்குத் திரும்பிவரும் நண்பர் கூட்டத்தைப் பற்றிய பாட்டாக முடிந்தது. ‘த பாய்ஸ் ஆர் பேக் இன் டௌன்’. வெற்றி பெறும் என்று குழு எதிர்பார்த்த பாடல்களில் அது இல்லை.

அந்தப் பாட்டை ஒருமுறை நிதானமாகக் கேட்போம். முதலில் கிடார்கள் இரண்டும் அழுத்தமாக ஒரு சுரக்கட்டை அடித்து ஒலிக்க விடுகின்றன. உடனே டௌனியின் தாளம் உள்ளே வருகிறது. மற்ற ஹார்டு ராக் பாடல்களைப்போல நேராக உழும் தாளம் இல்லை. ஷஃபிள். ஒரு மார்க்கமாகக் காலைச் சாய்த்து நடக்கும் நடை. சனிக்கிழமை சாயங்காலம் நல்ல சட்டை போட்டுக்கொண்டு தெருவில் இறங்கும் இளைஞனின் நடை அது. அதன்மேல் ஃபில் பாதி பேசுகிறார், பாதி பாடுகிறார். சொற்களைத் தாளத்துக்குச் சற்று முன்னும் பின்னுமாகத் தள்ளிப் போடுகிறார். பழைய நண்பர்கள் வந்துவிட்டார்கள், அந்தப் பெண்ணை நினைவிருக்கிறதா, யாரை அறைந்தாள் என்று ஊர்க்கதை பேசுகிறார். பல்லவி முடிகிறது. அப்போது வருகிறது அந்த இரட்டைக் கிடார் வரி. சண்டைக்கும் கொண்டாட்டத்துக்கும் நடுவில் தலைநிமிர்ந்து வரும் வரி. பாட்டின் கூட்டாளிகள் உண்மையிலேயே தெருமுனையைத் திரும்பி வந்துவிட்டதுபோல இருக்கும்.

கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரத்தில் வானொலித் தொகுப்பாளர்கள் அதைத் திரும்பத் திரும்பப் போடத் தொடங்கினார்கள். ஸ்காட் கோரம் பின்னாளில் பல இடங்களில் நன்றியோடு நினைவுகூர்ந்த விஷயம் இது. ஊர் ஊராகப் பாட்டு பரவியது. பிரிட்டனில் 8-ஆம் இடம். அயர்லாந்தில் முதலிடம். அமெரிக்காவில் 12-ஆம் இடம். ஆல்பம் அமெரிக்காவில் 18-ஆம் இடம் வரை ஏறியது. இரண்டு ஆண்டு முன்பு இரண்டே பேராக நின்றிருந்த குழு இது.

அமெரிக்கா என்பது சின்ன வார்த்தை இல்லை. லண்டனில் பேர் வாங்கிய எத்தனையோ குழுக்கள் அங்கே கரைந்து காணாமல் போயின. அந்த நாட்டை ஒரு பாட்டால் பிடிக்க முடியாது. மாதக்கணக்கில் பேருந்தில் அலைந்து, ஒவ்வொரு ஊரிலும் மேடை ஏறித்தான் பிடிக்க வேண்டும். பாட்டு ஏறிக்கொண்டிருக்கும்போதே மேடையில் நிற்க வேண்டும். 1976 கோடையில் அதற்கான ஏற்பாடு தயார். ரிச்சி ப்ளாக்மோரின் ‘ரெயின்போ’ குழுவோடு பெரிய சுற்றுப்பயணம்.

ஜூன் மாதம் ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஃபில்லுக்கு உடம்பு சரியில்லை. கண்ணிலும் தோலிலும் மஞ்சள்.

ஹெபடைடிஸ். கல்லீரல் அழற்சி. தொற்றும் நோய்.

சுற்றுப்பயணம் அந்த நிமிடமே முடிந்தது. குழு ஊர் திரும்பியது. பாட்டு மட்டும் அமெரிக்க வானொலிகளில் தொடர்ந்து ஏறிக்கொண்டிருந்தது. ஊருக்கு வந்துவிட்டோம் என்று பாட்டு முழங்கிக்கொண்டிருந்த வாரங்களில், பாடியவர் கடலுக்கு இந்தப் பக்கம் மான்செஸ்டரில் மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தார்.

*

மான்செஸ்டர் அவருடைய அம்மா ஃபிலோமினா வாழ்ந்த ஊர். அங்கே அவர் ஒரு ஹோட்டல் நடத்தினார். நாடகக்காரர்களும் இசைக்காரர்களும் தங்கிப்போகும் இடம். மகனின் முதல் ஆல்பத்திலேயே அந்த ஹோட்டலைப் பற்றி ஒரு பாட்டு உண்டு. குழந்தையாக இருந்தபோது வறுமையாலும் ஊர்ப் பேச்சாலும் டப்ளினில் தன் பெற்றோரிடம் விட வேண்டிவந்த மகனை, 26 வயதில் நோயாளியாக அந்தத் தாய் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

படுக்கையிலேயே ஃபில் அடுத்த ஆல்பத்துக்கான பாடல்களை எழுதினார். ஓய்வு எடு என்று மருத்துவர் சொன்ன காலத்தில் ஒரு முழு ஆல்பம் பிறந்தது. ‘ஜானி த ஃபாக்ஸ்’. மியூனிக்கில் ஒலிப்பதிவைத் தொடங்கி, அங்கே சரிப்படாமல் லண்டனுக்கே திரும்பி முடித்தார்கள்.

அதில் ஒரு சம்பவம். ‘டோன்ட் பிலீவ் எ வேர்ட்’ என்ற பாட்டை ஃபில் மெதுவான ப்ளூஸாகக் கொண்டுவந்தார். ராபர்ட்சன் முகத்துக்கு நேராக, நன்றாக இல்லை என்று சொல்லிவிட்டார். ஃபில் கோபித்துக்கொண்டு போய்விட்டார். அவர் இல்லாத நேரத்தில் ராபர்ட்சனும் டௌனியும் உட்கார்ந்து, வேகமான ஷஃபிளில் புதிதாக ஒரு ரிஃப் போட்டு அதே பாட்டை வேறாக்கிவிட்டார்கள். திரும்பி வந்த ஃபில் கேட்டார், ஏற்றுக்கொண்டார். இரண்டரை நிமிடத்துக்குள் முடியும் அந்தப் பாட்டு பிரிட்டனில் 12-ஆம் இடம் போனது. பாடலாசிரியர் என்று போட்டிருப்பது ஃபில் பெயர் மட்டும். ராபர்ட்சனுக்கு அது ஒரு முள்ளாக உள்ளே தங்கியது. தலைவருக்கும் அந்த இளைஞருக்கும் நடுவில் விழுந்த முதல் கீறலை நான் இங்கேதான் பார்க்கிறேன். (மெதுவான ப்ளூஸ் வடிவம் செத்துவிடவில்லை. இரண்டு ஆண்டு கழித்து கேரி மூர் தன் ஆல்பத்தில் அதை ஃபில்லையே பாடவைத்துப் பதிவு செய்தார். இரண்டும் வேறு வேறு பாடல்கள்போல இருக்கும், இரண்டுமே நன்றாக இருக்கும்.)

1976 அக்டோபரில் ஆல்பம் வந்தது. நவம்பர் நடுவில் லண்டன் ஹாமர்ஸ்மித் ஓடியன் அரங்கில் கச்சேரிகள். ஒலிப்பதிவு வண்டியும் வந்து நின்றது. அங்கே பதிவானவற்றில் ஒரு பகுதி பின்னால் என்ன ஆனது என்பது இன்னொரு அத்தியாயத்தின் கதை.

இந்தக் காலத்து ஃபில்லை ஒரு நொடி நிறுத்திப் பார்ப்போம். கறுப்பு ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ். அதன் முகப்பில் பிளாஸ்டிக் தகடு இருக்க வேண்டிய இடத்தில் கண்ணாடித் தகடு. மேலிருந்து வரும் விளக்கொளியை அந்தக் கண்ணாடியில் வாங்கி, பேஸை மெல்லத் திருப்பி, கூட்டத்தின்மேல் அடிப்பார். இருட்டில் எங்கோ பின்வரிசையில் நிற்கும் ஒரு பையனின் முகத்தில் ஒரு வெளிச்சக் கீற்று விழும். நகரும். அடுத்த முகம். அரங்கின் வெளிச்சமெல்லாம் மேடைக்கு வருவதுதான் வழக்கம். இவர் அதில் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பினார். பாட்டுக்காரரும் கூட்டமும் ஒன்று என்று நம்பிய மனிதர் வேறு எப்படி ஒரு வாத்தியத்தை மாற்றியமைப்பார்?

அமெரிக்கா மறுபடி அழைத்தது. ஜூனில் பாதியில் விட்டுவந்த நாடு. டிக்கெட் தயார், தேதிகள் தயார். இந்த முறை நால்வரும் ஆரோக்கியமாக இருந்தார்கள்.

*

1976 நவம்பர் 23. லண்டன். ஸ்பீக்ஈஸி கிளப்.

இசைக்காரர்கள் கச்சேரி முடிந்து நள்ளிரவுக்கு மேல் வந்து கூடும் இடம் அது. ராபர்ட்சன் அங்கே இருந்தார். ஃபிராங்கி மில்லரும் இருந்தார். குறித்துவைக்கச் சொன்ன பெயர் இதுதான். குடித்திருந்தார்கள். மில்லர் மேடையில் வாசித்துக்கொண்டிருந்த குழுவோடு தானும் ஏறிப் பாடினார். அது அந்தக் குழுவில் சிலருக்குப் பிடிக்கவில்லை. பிறகு வாக்குவாதம் கைகலப்பானது. ஒரு கண்ணாடி பாட்டில் மில்லரை நோக்கி வந்தது.

நண்பனைக் காப்பாற்ற ராபர்ட்சன் குறுக்கே கையை நீட்டினார்.

கண்ணாடி கையைக் கிழித்தது. ரத்தக்குழாயும் நரம்பும் அறுபட்டன. ஒரு கிடார் கலைஞரின் கை. வயது இருபது.

அமெரிக்கப் பயணம் ரத்தானது. ஒரே ஆண்டில் இரண்டாவது முறை.

இங்கே ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். பெல்ஃபாஸ்ட் இரவுக்குப் பிறகு ஃபில் இரண்டு கிடார் கலைஞர்களைச் சேர்த்தது எதற்காக? ஒருவர் போனால் இன்னொருவர் இருப்பார் என்பதற்காக. இப்போது ஒருவர் போயிருக்கிறார், இன்னொருவர் இருக்கிறார். ஸ்காட் கோரம் முழு ஆரோக்கியத்தோடு கிடாரைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். ஆனால் மேடை ஏற முடியவில்லை. ‘ச’ மட்டும் இருந்து ‘க’ இல்லாமல் ‘த பாய்ஸ் ஆர் பேக் இன் டௌ’னை யாரும் வாசிக்க முடியாது. ஆபத்துக்கு என்று சேர்த்த இரண்டாவது கிடார், மூன்று ஆண்டுக்குள் அந்தக் குழுவின் குரலாகவே ஆகிவிட்டிருந்தது.

அந்தக் கை மறுபடி கிடார் பிடிக்குமா என்பது டிசம்பரில் யாருக்கும் தெரியாது. ஜனவரியிலோ இன்னொரு வாய்ப்பு வாசலில் நிற்கிறது. ‘குயின்’ குழுவின் அமெரிக்கச் சுற்றுப்பயணம். ஃப்ரெடி மெர்குரிக்கு முன்னால் தினமும் மேடை ஏறும் இடம் தின் லிஸிக்கு. ஆயிரக்கணக்கான பேர் அமரும் அரங்குகள். இதையும் விட்டால் அமெரிக்கா நான்காவது முறை கூப்பிடாது. கைவசம் இருப்பது சில வாரங்கள். ராபர்ட்சனின் பாகங்களை அவ்வளவு சீக்கிரம் கற்றுக்கொண்டு, அந்தக் கூட்டத்தின் முன்னால் நடுங்காமல் வாசிக்கக்கூடிய ஆள் உலகத்திலேயே ஒருவர்தான் என்று ஃபில் நினைத்தார். அவரைக் கூப்பிட்டார்.

அடுத்த வாரம் வருவதற்குள் ‘நைட்லைஃப்’ ஆல்பத்திலிருந்து ‘ஸ்டில் இன் லவ் வித் யூ’ பாடலை ஒருமுறை கேட்டுவிடுங்கள். அந்த சோலோவை வாசித்தவர்தான் அழைப்பை எடுத்தார்.

(தொடரும்)